குழம்பில்லாத தாளிப்பு

ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது எங்கள் சந்து. நைனா துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் கூலியாள். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பள்ளிப் படிப்பு முடிந்து பரீட்சையும் தேறி, வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. சும்மா உட்கார்ந்து சாப்பிட வெட்கமாக இருந்ததால், மத்தியான வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்தேன். என் தம்பி, என் சின்னத் தங்கை, பக்கத்து வீட்டுப் பெண், குப்பத்திலிருந்து வரும் அண்ணனும் தம்பியும். அவ்வளவுதான் என் பள்ளிக்கூடம்.

எழுத்தும் கணக்கும் அவர்களுக்கு வேறு இடத்திலும் கிடைக்கும். நான் சொல்லிக் கொடுக்க ஆசைப்பட்டது எங்கள் ஊரை. ஒருநாள் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகு தெற்கே மணல் மேடு தட்டியது, வடக்கே எங்கள் பக்கம் கடல் மண்ணைத் தின்றது, அதைத் தடுக்கத்தான் இந்தப் பாறைகளைக் கொட்டினார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். குப்பத்துப் பையன்களில் பெரியவன் அலையைப் பார்த்துக் கையை நீட்டி, "எங்க தாத்தா வூடு அங்கதான் கீது" என்றான். மற்றவர்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் தங்கை மட்டும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

குடிமைப் பாடத்தை விளையாட்டாக நடத்தினேன். கூடம்தான் நகரசபை. ஆளுக்கு ஓர் இலாகா. தம்பிக்குத் தெருவிளக்கு. குப்பத்துப் பையன்களுக்குச் சாக்கடையும் குப்பையும். தங்கைக்கு ஆறு வயது. அவளுக்குச் சேர்மன் நாற்காலி வேண்டுமாம். அழுது பார்த்துவிட்டுக் குழாய் இலாகாவை ஏற்றுக்கொண்டாள். தினமும் பாடம் தொடங்கும்போது எழுந்து நின்று, தெருக்குழாயில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று சபைக்கு அறிவிக்க வேண்டியது அவள் வேலை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சுகாதாரம்.

அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். எப்போது பார்த்தாலும் இடுப்பில் அவளுடைய கைக்குழந்தைத் தம்பி இருப்பான். பாடத்துக்கும் அவனைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். அவன் என் தங்கையின் மடியில் உருண்டு விளையாடுவான். கொடுத்த பதவியை அந்தப் பெண் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. புட்டு விற்கிற கிழவியிடம் போய், ஈ மொய்க்கிறது, துணி போட்டு மூடு என்று அதட்டினாள். "வந்துட்டாங்கப்பா இன்ஸ்பெக்டரம்மா" என்று சந்தே அவளைக் கேலி செய்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. காலரா, பிளேக், வைசூரி என்கிற பெரியம்மை, இந்த மூன்றில் எது வீட்டுக்கு வந்தாலும் உடனே சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம் என்று என் புத்தகத்தில் இருந்தது. அதை ராகம் போட்டு மற்றவர்களை ஒப்பிக்க வைத்தவள் அவள்தான்.

அந்தக் கோடையில் என் தங்கைக்கு ஜுரம் கண்டது. வெயில் ஜுரம் என்றுதான் நினைத்தோம். இரண்டு நாள் அனலாய்க் கொதித்தாள். பிறகு ஒரு காலையில், கஞ்சி கொடுக்க அவள் முகத்தைத் திருப்பிய அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். நெற்றியில் சிவப்பாகச் சில புள்ளிகள். கையிலும் இருந்தன. அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, தான் பெற்ற பெண்ணின் முன்னால் மண்டியிட்டாள்.

"வந்துட்டியா தாயே. கொழந்த ஒடம்பு, தாங்காது. லேசா வெளயாடிட்டு எறங்கிடு."

தங்கை கண்ணைத் திறந்து, "யார்கிட்டம்மா பேசற?" என்று கேட்டாள்.

எனக்கும் தம்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்தியிருந்தார்கள். அம்மாவுக்கும் நைனாவுக்கும் சிறு வயதிலேயே வந்து போய்விட்டது. அம்மாவின் கன்னத்தில் குழிகள் உண்டு. தங்கைக்கு மட்டும் குத்தவில்லை. குத்துகிறவர் சந்துக்கு வந்த அன்று, குழந்தைக்கு ஜுரம் வரும் என்று பயந்து அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அதை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நைனா கரிப்பொடி அப்பிய உடம்போடு வந்தார். வாசலிலேயே அம்மாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அவர் முதலில் கேட்டது, வாசலில் வேப்பிலை செருகினாயா என்பதைத்தான். இன்னும் இல்லை என்றாள் அம்மா. செருகவே கூடாது என்றார்.

அதற்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேப்பிலை செருகிய வாசலைத்தான் அதிகாரிகள் முதலில் தட்டுவார்கள். முந்தைய கோடையில் சந்து முனையில் ஒரு வண்டிக்காரரின் மகனுக்கு இப்படித்தான் வந்தது. நாலு பக்கமும் அடைத்த வண்டி ஒன்று வந்து அவனை ஊருக்கு வடக்கே இருந்த அம்மை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. வண்டியின் பின்னால் ஓடிய அந்தத் தகப்பனை இடுப்போடு கட்டிப் பிடித்து நிறுத்தியவர்களில் நைனாவும் ஒருவர். பையன் திரும்பி வரவில்லை. அவன் படுத்திருந்த பாயைச் சந்திலேயே போட்டுக் கொளுத்தினார்கள். அந்த ஆஸ்பத்திரி என்றாலே போனவர் வராத இடம் என்று ஆகிவிட்டது.

அம்மா சுலபத்தில் சம்மதிக்கவில்லை. "ஆத்தாவ திருட்டுப் பொருளாட்டம் ஒளிச்சி வெக்க சொல்றியா?" என்று கேட்டாள். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வேப்பிலை வாசலில் வேண்டாம், குழந்தையின் பாயைச் சுற்றி இருக்கட்டும். ஆனால் மற்ற விரதம் எதிலும் ஒரு நூல் பிசகக் கூடாது. தலை வாரக் கூடாது. வண்ணானுக்குத் துணி போடக் கூடாது. அடுப்பில் எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கவே கூடாது. தாளிக்கிற வாசனை ஆத்தாளுக்கு ஆகாது, கோபம் வந்தால் குழந்தையின் கண்ணைக் கேட்பாள்.

தெரிவித்துவிடலாம் என்று நான் மெல்லச் சொன்னேன். தம்பிக்கு ஒன்றுமில்லை, ஆனால் பாடத்துக்கு வந்த மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன். நைனா என்னைக் கோபிக்கவில்லை. என் புத்தகம் இருந்த மாடத்தைக் காட்டினார்.

"தூக்கினு போறவங்கள எப்போ திருப்பி இட்டாந்து வுடுவாங்கன்னு அதுல போட்டுக்கீதா?"

போட்டிருக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவர் குளிக்கப் போன பிறகு எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

பாடம் நின்றது. எனக்கு ஜுரம் என்று வாசலில் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். தம்பியை வெளியே விடவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் எல்லோரும் காதால்தான் வாழ்ந்தோம். சந்தில் சக்கரச் சத்தம் கேட்டால் அம்மா கதவோரம் போய் நிற்பாள். தண்ணீர் வண்டி என்று தெரிந்ததும் திரும்பி வருவாள். யாராவது இருமினால்கூட நைனாவின் கை சோற்றில் நின்றுவிடும். எனக்கு இரண்டு பக்கமும் பயம். வண்டி வந்தால் தங்கை போய்விடுவாள். வராவிட்டால், அந்தக் கைக்குழந்தை அவள் மடியில் உருண்டது என் கண்ணுக்குள் வந்து நிற்கும். அடுத்த வீட்டில் அவன் அழும் சத்தம் கேட்டால், அழுகிறானே, நன்றாகத்தான் இருக்கிறான் என்று ஆறுதல் அடைவேன். சத்தமில்லாத நேரங்களில் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நிற்பேன்.

தங்கையின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முத்துகள் நீர் கோத்து நெருங்கின. இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். தாயே, தாயே என்றுதான் கூப்பிட்டாள். வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் சந்தில் வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். ஒரு வீட்டில் என்ன குழம்பு என்று பத்து வீட்டுக்குத் தெரியும். தாளிக்கிற வாசனை வராத வீடு என்றால் ஒன்று அந்த வீட்டில் இழவு, இல்லையென்றால் அம்மை. இது எங்கள் யாருக்கும் முதலில் தோன்றவில்லை. பிறகு நைனாவுக்குத்தான் தோன்றியது. கப்பல் வராத ஒரு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. வீட்டுப் பின்னால் இரண்டு செங்கலை வைத்துச் சுள்ளி மூட்டி, வாணலியில் எண்ணெய் ஊற்றிக் கடுகைப் போட்டார். பிறந்ததிலிருந்து அடுப்பருகே உட்காராத மனிதர். அளவு தெரியாமல் ஒரு பிடி போட்டிருந்தார். அது படபடவென்று வெடித்து நாலா பக்கமும் சிதறியது. கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, கறிவேப்பிலையை எட்ட நின்று எறிந்தார். குழம்பும் இல்லை, ரசமும் இல்லை. வெறும் தாளிப்பு. அந்தப் புகையைத் தன் மேல்துண்டால் பக்கத்து வீட்டுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தார்.

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். உள்ளே அம்மா மூக்கை நிமிர்த்தினாள். எழுந்து பின்பக்கம் போனாள். திட்டவில்லை. வாணலியைத் துணியால் பிடித்துத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு உள்ளே வந்து குழந்தையின் முன்னால் உட்கார்ந்து தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். தெரியாத ஆம்பளை, தெரியாமல் செய்துவிட்டான், என்னை எடுத்துக்கொள் என்று முனகிக்கொண்டே அறைந்தாள். நான் கையைப் பிடித்தேன். நிற்கவில்லை.

அன்று மாலை தங்கை பிதற்றத் தொடங்கினாள். படுத்தபடியே, பாடத்தில் சொல்லும் அதே குரலில், "கொழாயில தண்ணி வர்லண்ணே" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாள். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். கடுகு வாசனையால்தான் என்று அம்மா நம்பினாள். அவரும் நம்பினார் என்பது அவர் முதுகைப் பார்த்தபோதே தெரிந்தது. நான் நம்பவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் அது பொய்யென்று சொல்லத் துணிவில்லை.

மறுநாள் காலை நைனா வேலைக்குப் போனதும் கதவு தட்டும் சத்தம். அம்மா வேப்பங்கொத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உறைந்துபோனாள். நான் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். பக்கத்து வீட்டுப் பெண். நான் வெளியே வந்து கதவை என் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டேன்.

"ஜொரம்னியே வாத்யாரண்ணே, நல்லாத்தான கீறே?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

இப்போது பரவாயில்லை என்றேன். பாடம் பிறகு சொல்கிறேன், வீட்டுக்குப் போ என்றேன். அவள் போகவில்லை.

"உங்க வூட்ல தாளிக்கிற வாசனையே இல்ல. நேத்து வந்துது. எங்க வூட்டு பின்னாலேர்ந்து எட்டிப் பாத்தேன். உங்க நைனா கொழம்பே இல்லாம தாளிச்சிகினு இருந்தாரு."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். அவள் இடுப்பு காலியாக இருந்தது.

தம்பி எங்கே என்றேன்.

அவள் உதடு கோணியது. அதுவரை இன்ஸ்பெக்டர் மாதிரி நின்றவள் பத்து வயதுப் பிள்ளையாகிவிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ராவிலேர்ந்து அனலாக் கொதிக்குது. அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கைல அடிச்சி சத்தியம் வாங்கிகினாங்க. நீ மறைக்கக்கூடாதுன்னு சொன்னியே. இப்போ நான் போயி சொல்லணுமா வாத்யாரண்ணே? சொன்னா அவன தூக்கினு போயிடுவாங்களே."

அவள் என்னை மிரட்ட வரவில்லை. வழி கேட்க வந்திருந்தாள். அவளுக்குப் படிப்பறிந்த ஆள் என்று தெரிந்தது நான் ஒருவன்தான். சொல்லு என்றால், பெற்ற தாயிடம் செய்த சத்தியத்தை மீறி அந்த வண்டியைத் தன் தம்பிக்காக அவளே கூட்டி வருவாள். அவள் அப்படிப்பட்டவள். சொல்லாதே என்றால் அதையும் கேட்பாள். கதவுக்குப் பின்னால் என் தங்கை தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும்.

"நீ போவ வேணாம். நான் போறேன்," என்றேன்.

உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஜுரம், இனிமேல் மறைத்தால் சந்து முழுக்கப் பரவும், நான் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"இதுக்குத்தான் உன்னிய படிக்க வெச்சமா?" என்றாள். பிறகு நெடுநேரம் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சுவரையும் ஒருமுறை பார்த்தாள். "எனக்கும் ஆத்தா வந்து போனவ. என்னிய இன்னா பண்ணிடும். என்னியும் கூட ஏத்திகினாதான் இவள வுடுவேன். அத மொதல்ல கேட்டுட்டு வா."

தெருவில் ஓடினேன் என்றுதான் நினைவு. சுகாதார அலுவலகத்தில் இருந்தவர் வயதானவர், களைத்துப்போனவர். அபராதம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த நாளில் முத்து தெரிந்தது, வீட்டில் யார் யாருக்குக் குத்தியிருக்கிறது, யார் யார் அவளோடு விளையாடினார்கள் என்று மட்டும் கேட்டார். நான் அம்மா சொன்னதைச் சொன்னேன். ஏற்கெனவே வந்து போனவர் என்றால் கூட இருக்கலாம், பார்த்துக்கொள்ள அங்கே ஆளும் போதாது என்றார். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிறார்களா என்று கேட்டேன். பல பேர் வருகிறார்கள் என்றார். எல்லோரும் என்று அவர் சொல்லவில்லை.

வண்டி வந்தபோது சந்தே வெளியில் நின்றது. அம்மா வாராத தலையோடு, தங்கையைப் புடவையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்கள் கை நீட்டினார்கள். கொடுக்கவில்லை. தானாகவே ஏறி உட்கார்ந்தாள். கதவை மூடும்போது உள்ளேயிருந்து ஆத்தாளைக் கூப்பிடும் குரல் கேட்டது.

பக்கத்து வீட்டம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். வண்டியோடு வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் தட்டினார். உள்ளே கைகலப்பு போலச் சத்தம். பிறகு அந்தப் பெண் கதவைத் திறந்தாள். கன்னத்தில் விரல் அடையாளம் பதிந்திருந்தது. கூட வந்த வைத்தியர் குழந்தையின் உடம்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வாயைத் திறந்து ஈறைத் தடவினார். அது பல் முளைக்கிற ஜுரம்தான். அங்கேயே அவனுக்குக் கையில் குத்தினார்கள். அவன் அலறியதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அதைப்போல எனக்கு நிம்மதி தந்த சத்தம் வேறில்லை. குப்பத்துப் பையன்களையும் தேடிப் பிடித்துக் குத்தினார்கள்.

நைனா சாயங்காலம் வந்து, அம்மாவும் தங்கையும் இல்லாத வீட்டையும் பாய் எரிந்த சாம்பலையும் பார்த்தார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்று தொடங்கி என்னோடு பேசவும் இல்லை. சந்திலும் அப்படித்தான். குழாயடிக்கு நான் போனால் குடங்கள் நகர்ந்து வழிவிடும். "கெவருமெண்டு ஆளு வர்றாரு" என்று ஒருத்தர் முணுமுணுப்பார். பக்கத்து வீட்டம்மா தன் பெண்ணை என் நிழல் படாமல் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குள் எங்களை விடமாட்டார்கள். நைனா கரி வேலை முடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் வடக்கே நடப்பார். நான் பின்னாலேயே, எட்டி நடப்பேன். கம்பிக் கதவுக்கு வெளியே அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிற்போம். எங்களைப் போல இன்னும் சிலர் நின்றிருப்பார்கள். விளக்கேற்றுவதற்கு முன்பு அம்மா உள்ளேயிருந்து வந்து, தூரத்திலேயே நின்று, "கீறா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காக அவ்வளவு தூரம். திரும்பும்போது நைனா முன்னால், நான் பின்னால்.

ஒருநாள் அம்மா வரவில்லை. மற்றவர்களுக்குச் செய்தி சொல்ல உள்ளேயிருந்து ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் தன் காதில் விழுந்த செய்தியைக் கேட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கேற்றினார்கள். கதவைப் பூட்ட ஆள் சாவியோடு வந்தான். நைனா கம்பியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். மூட்டுகள் கரியையும் மீறி வெளுத்திருந்தன. நீதான் அவளை இங்கே அனுப்பினாய் என்று அவர் இப்போது என்னிடம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. என்னை அறியாமல் அவர் நின்ற பக்கம் நகர்ந்துவிட்டேன்.

சாவிக்காரன் பூட்டைக் கையிலெடுத்தபோது உள்ளே யாரோ ஓடி வருவது தெரிந்தது. அம்மாதான். புடவை முந்தானையெல்லாம் ஈரம். மூச்சிரைக்க நின்றாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன். அதான் லேட்டாயிடுச்சி," என்றாள். "கண்ணு ரெண்டும் தெறந்துட்டா. பசிக்குதுன்றா."

அம்மை இறங்கின பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். நைனாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், கரி இன்னும் அதிகமாகப் படர்ந்தது. கதவு பூட்டிய பின்னும் சற்று நேரம் அங்கேயே நின்றோம். பிறகு இருட்டில் திரும்பி நடந்தோம். பாதி வழி வந்ததும் அவர் நின்றார். நான் பக்கத்தில் வரும்வரை நின்றுவிட்டு, மறுபடி நடக்க ஆரம்பித்தார்.